நிழலில் கேட்ட கேள்வி

6 மார்ச் 2023, திங்கள் (சுபகிருது, மாசி 22)

கருங்கோளம் இன்று வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை வரும் என்று எழுத்தில் உறுதியளித்திருந்தார்கள். தாமதத்துக்கு ஒரு வரி வருத்தம்கூட இல்லை. உள்ளீடற்ற செம்புப் பந்து, கறுப்பு வண்ணம் பூசியது, நடுவில் வெப்பமானி. காற்றின் வெப்பத்தை மட்டுமல்லாமல், வெயில் ஓர் உடலின்மீது எவ்வளவு இறங்குகிறது என்பதையும் இது காட்டும்.

குணவதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதைத் தலையில கவுத்துக்கிட்டா போகப் போறீங்க?" என்றாள். எழுபத்து நான்கு வயதில் கணவனைக் கேலி செய்யும் உரிமை அவளுக்கு உண்டு. அளவுக்கருவிகளைக் கேலி செய்ய உரிமை இல்லை என்று சொன்னேன்.

எதற்காக இந்த வேலை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் கந்தப்பன் என் பழைய மாணவன். ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, பெண்கள் நாள் முழுதும் பலகையால் தள்ளிப் புரட்டி உலர்த்துவார்கள். கோடையில் எப்போது வேலையை நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு விதி வேண்டும் என்று அதிகாரிகள் கேட்கிறார்களாம். காற்றும் ஈரமும் வெயிலும் சேர்ந்து உடலுக்கு எத்தனை பாகையாகப் படும் என்று சொல்ல, உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆனால் அது இருநூறுக்கு மேற்பட்ட உறுப்புகள் கொண்ட ஆறாம்படிக் கோவை. கந்தப்பன் சொன்னான்: "சார், எங்க மேஸ்திரிக்குக் கூட்டல் கழித்தலே தகராறு. நாலு வரியில ஒண்ணு போட்டுக் குடுங்க. நம்மூரு உடம்புக்கு ஏத்த மாதிரி."

தோராயமாக்கல்தான் நான் முப்பத்தோராண்டு கற்பித்த பாடம். மறுக்கக் காரணம் இல்லை.

8 மார்ச், புதன் (மாசி 24)

முதல் நாள் களப்பணி. கருங்கோளம், ஈர வெப்பமானி, காற்றளவி மூன்றையும் களத்தின் நடுவில் நிறுத்தினேன். அளவு என்பது வெயிலில் எடுக்கப்பட வேண்டியது.

பதில் என்பது வேறு. வெயிலில் நிற்கும் பெண்களை நிற்கவைத்தே கேள்வி கேட்பது பண்பாகாது. ஆகவே ஒரு நடைமுறை வகுத்தேன். நான்கு நான்கு பேராகக் கொட்டகைக்குள் அழைத்து, உட்காரச் சொல்லி, ஆளுக்கொரு தம்ளர் மோர் கொடுத்து (இஞ்சி, கறிவேப்பிலை, குணவதியின் தயாரிப்பு), பத்து நிமிடம் கழித்து, மூச்சு சீரான பிறகு கேட்பது. மூச்சு வாங்கும் ஒருவரின் பதிலில் நிதானம் இருக்காது.

கேள்வி: "இக்கணத்தில் தாங்கள் வெப்பத்தை எவ்வாறு உணர்கிறீர்கள்?" விடைகள் ஏழு படி. கடுங்குளிர் மைனஸ் மூன்று, இதம் சுழி, கடுஞ்சூடு பிளஸ் மூன்று.

"என்னக்கா சொல்றாரு?" என்று சுகந்தி என்ற இளம்பெண் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"சூடா இருக்குதா, இதமா இருக்குதான்னு கேக்கறாருடி."

"எப்ப?"

"இப்ப."

பாவாயி என்பவர்தான் முதலில் பதில் சொன்னார். ஐம்பதைத் தாண்டியவர், தலைமுண்டாசை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்பவா சாமி? இப்ப நல்லாத்தானுங்க இருக்குது." சுழி என்று குறித்தேன்.

புறப்படும்போது சுகந்தி, "நாளைக்கும் வருவீங்களா சார்?" என்றாள். அறிவியலில் இத்தனை ஆர்வமா என்று வியந்தேன். "மோருக்காகக் கேக்கறேனுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

10 மார்ச், வெள்ளி

வாழப்பாடியில் பேருந்து பழுது. மோர் கெடவில்லை.

14 மார்ச், செவ்வாய் (மாசி 30)

தூக்கின் மூடி சரியாகப் பொருந்தாமல் மோர் முழுதும் வழியிலேயே கொட்டிவிட்டது. என் வேட்டியும் நனைந்தது. கொடுக்க ஒன்றுமில்லாமல் கொட்டகைக்கு அழைக்கக் கூச்சமாக இருந்தது. களத்தின் ஓரத்தில் நின்றபடியே இரண்டு பேரிடம் மட்டும் கேட்டேன். இருவரும் பிளஸ் மூன்று என்றார்கள். அவர்களில் ஒருத்தி சுகந்தி. "இதையெல்லாம் கேக்கோணுமா சார்?" என்று வெடுக்கென்றாள். மோர் இல்லாத எரிச்சல் போலும்.

மற்றப் பதில்களோடு இவ்விரண்டும் சற்றும் பொருந்தவில்லை. புறத்தரவு என்று நீக்கிவிட்டேன்.

புதிய மூடி வாங்க வேண்டும்.

20 மார்ச், திங்கள் (பங்குனி 6)

களத்து அளவுகளுக்கும் பெண்களின் பதில்களுக்கும் மீச்சிறு வர்க்க முறையில் கோவை பொருந்திவிட்டது. நான்கே உறுப்புகள்: காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், கருங்கோளத்தின் வெப்பம். பொருத்தம் இவ்வளவு அழகாக அமையும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

முடிவு வியப்பூட்டுவது. முப்பத்தெட்டு பாகைக்கு மேல் போனாலே கடுமை என்கிறது வெளிநாட்டு அளவுகோல். நம் பெண்களோ நாற்பத்து நான்கிலும் "இதம்", "சற்றே வெப்பம்" என்றே சொல்லியிருக்கிறார்கள். தலைமுறைகளாக வெயிலுக்குப் பழகிய உடல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நிறுத்தும் எல்லையை நாற்பத்தாறு என்று நிர்ணயித்தேன்.

குணவதியிடம் விளக்கினேன். "வெயிலு வெயிலுதானுங்களே" என்றாள். உணர்வை எண்ணாக்குவதன் நுட்பம் எல்லாருக்கும் எட்டாது.

24 மார்ச், வெள்ளி (பங்குனி 10)

களத்தில் விளக்குப் பலகை வைத்தாயிற்று. கருவிகளோடு இணைத்திருக்கிறார்கள்: பச்சை விளக்கு எரிந்தால் வேலை, சிவப்பு எரிந்தால் நிறுத்தம். பலகையின் கீழே "அர்த்தநாரி வாய்பாடு" என்று என் பெயரை எழுதியிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. எழுத்துப் பிழை இல்லை.

முன்பெல்லாம் பன்னிரண்டு மணிக்குப் பெண்கள் கொட்டகையில் ஒதுங்கினால் வெயில் தாழ இரண்டு மணிக்குத்தான் இறங்குவார்களாம். இனி அரைமணி சாப்பாட்டு நேரம் மட்டும் என்று கந்தப்பன் சொன்னான். "பச்சை எரியும்போது உக்கார முடியாதுன்னு சொல்லிட்டேன் சார். கணக்கே சொல்லுது!" அது நிர்வாக விஷயம்.

5 ஏப்ரல், புதன் (பங்குனி 22)

மாலையில் கந்தப்பன் தொலைபேசினான். பாவாயி பகல் ஒரு மணிக்குக் களத்தில் மயங்கி விழுந்துவிட்டாராம். அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை.

விளக்கு என்ன நிறம் என்று கேட்டேன்.

"பச்சைதான் சார். கவலைப்படாதீங்க, உங்க மேல ஒண்ணும் வராது."

அவன் சொல்வதற்கு முன்பு, என்மேல் ஏதும் வரும் என்று நான் நினைக்கவில்லை.

6 ஏப்ரல், வியாழன்

நேற்றைய அளவுகளை வரவழைத்துக் கையால் கணக்கிட்டேன். நாற்பத்து நான்கு புள்ளி மூன்று. விளக்கு பச்சையாக எரிந்தது முற்றிலும் சரி. கணக்கில் பிழையில்லை.

காலையில் அவர் சாப்பிடாமல் வந்திருக்கலாம். இரத்த அழுத்தம் குறைவு என்றும் கேள்வி. தனிப்பட்ட உடல்நிலையை எந்த வாய்பாடும் உள்ளடக்க இயலாது.

8 ஏப்ரல், சனி (பங்குனி 25)

குணவதி வற்புறுத்தியதால் மருத்துவமனைக்குப் போனோம். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டோம்.

பாவாயி எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். கொதிக்கும் சிமெண்டில் விழுந்து கிடந்ததால் இடது கன்னமும் உள்ளங்கையும் வெந்து கட்டுப் போட்டிருந்தார்கள்.

"மன்னிச்சுக்கோணும் சாமி. என்னால உங்க கணக்குக்குக் கெட்ட பேரு."

அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

"மில்லுல சொன்னாங்க. அன்னிக்குப் பச்சை லைட்டுத்தான் எரிஞ்சுதாம், அப்ப வெயில் மேல குத்தமில்ல, என் உடம்புதான் ஆகாத உடம்புன்னு. இனிமேட்டுக் களத்துக்கு வர வேண்டாமுன்னுட்டாங்க. இருவது வருசமா அந்தக் களந்தானுங்க எனக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாங்க."

சொல்கிறேன் என்றேன். எந்த வார்த்தையை என்று அவர் கேட்கவில்லை.

குணவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாவாயி அவளிடம் சொன்னார்: "உங்க மோரு ருசி இன்னும் நாக்குலயே இருக்குதுங்கம்மா. சாரு வர்ற நாளுன்னா காலையில இருந்தே பாத்துட்டிருப்போம். நெழல்ல உக்காந்து, மோரு குடிச்சு... அந்தப் பத்து நிமிசம் கண்ணு தொறந்த மாதிரி இருக்கும். அதுக்கப்பறந்தான சாரு கேப்பாரு."

பேருந்தில் திரும்பினோம். குணவதி ஜன்னலைப் பார்த்தபடி, "ஏனுங்க, வெயில்ல இருந்து கூட்டியாந்து, நெழல்ல உக்கார வெச்சு, மோரைக் குடுத்துட்டு, அப்பறமா வெயில் எப்படி இருக்குதுன்னா கேட்டீங்க?" என்றாள்.

பேருந்து வாழப்பாடியில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஐந்து பேர் ஏறினார்கள்.

9 ஏப்ரல், ஞாயிறு (பங்குனி 26)

எழுதிவிட வேண்டும்.

அளவு வெயிலில் எடுக்கப்பட்டது. பதில் நிழலில் பெறப்பட்டது. இரண்டையும் ஒரே வரியில் எழுதி, ஒன்றை மற்றொன்றின் விளைவு என்று கொண்டேன். நாற்பத்து நான்கு பாகையில் "இதம்" என்று எந்தப் பெண்ணும் சொல்லவில்லை. கொட்டகை நிழலில், மோருக்குப் பின், "இப்ப நல்லாத்தான் இருக்குது" என்று சொன்னார்கள். அதைக் களத்தின் தலையில் ஏற்றியவன் நான். முதலாண்டு மாணவன் செய்திருந்தால் விடைத்தாளைத் திருப்பி எறிந்திருப்பேன்.

பண்பு என்று நினைத்துச் செய்தேன். மோர் கொடுத்ததில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அவர்கள் என்னை எதிர்பார்த்திருப்பார்கள் என்பதில் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி.

வெயிலில் நின்று பதில் சொன்னவர்கள் இரண்டே பேர். அவர்களை நான் நீக்கிவிட்டேன்.

சரியான எல்லை எது என்பது இப்போது என்னிடம் இல்லை. பழைய அளவுகோலின்படி பார்த்தால், அன்று காலை பதினொரு மணிக்கு முன்பே சிவப்பு எரிந்திருக்க வேண்டும். பாவாயி விழுந்தது ஒரு மணிக்கு.

கந்தப்பனைத் தொலைபேசியில் அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரைத் தொந்தரவு செய்வது முறையன்று.

10 ஏப்ரல், திங்கள் (பங்குனி 27)

அழைப்பிதழ் வந்தது. வரும் ஞாயிறு ஆலை உரிமையாளர்கள் கூட்டம். சுற்றுவட்டார ஆலைகள் அனைத்திலும் "அர்த்தநாரி வாய்பாட்டை" நடைமுறைப்படுத்துவது குறித்துத் தீர்மானம். தொடர்ந்து எனக்குப் பாராட்டு.

அதில் ஒரு பெரும்பிழை. "சுபகிருது ஆண்டு, சித்திரை 3" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பங்குனியோடு சுபகிருது முடிந்து சோபகிருது பிறந்துவிடும். பிறந்த ஆண்டின் பெயர் தெரியாமல் அதன் மூன்றாம் நாளில் விழா நடத்துவதா? உடனே கந்தப்பனை அழைத்தேன். எட்டு நிமிடம் விளக்கினேன். "சரிங்க சார், மாத்தி அடிச்சுடறோம். வேற ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டான்.

வேறொன்றும் இல்லை என்றேன்.

குணவதி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

12 ஏப்ரல், புதன்

திருத்திய அழைப்பிதழ் வந்தது. ஆண்டு சரியாக இருக்கிறது.

14 ஏப்ரல், வெள்ளி (சோபகிருது, சித்திரை 1)

ஆண்டுப் பிறப்பு. பாயசம் இருந்தது. குணவதி, "ஞாயித்துக்கிழமை நான் வரலீங்க" என்றாள். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

16 ஏப்ரல், ஞாயிறு (சித்திரை 3)

குளிரூட்டிய மண்டபம். கால்கள் சில்லிட்டன.

பேச எழுந்தபோது சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் எழுந்தேன். இதை எழுதுகிறேன் என்றால் அது உண்மை என்பதால். சொல்லவும் செய்தேன். சொன்ன வாக்கியம் இது:

"எனது மாதிரித் தரவில், துலங்கல் மாறிக்கும் புறச்சூழல் மாறிகளுக்கும் இடையே ஒரு முறைசார்ந்த இடவிலகல் நிலவியிருப்பதற்கான வாய்ப்பை முற்றிலும் மறுப்பதற்கில்லை என்பதையும், ஆகவே எல்லை மதிப்பு மறுபரிசீலனைக்கு உரியது என்பதையும், இந்த அவையில் பணிவோடு பதிவு செய்ய விரும்புகிறேன்."

பிறகு முன்வரிசையில் ஒருவர், "சாரோட அடக்கத்தைப் பாருங்க!" என்றார். கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. பொய்யும் இல்லை. அது அவர்களுக்குப் புரியாது என்பது எழும்போதே எனக்குத் தெரியும். புரியாத சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தவன் நான். 'நிழல்' என்ற சொல்லும் 'மோர்' என்ற சொல்லும் நாக்கின் நுனியில் இருந்தன. இரண்டும் மூன்றெழுத்துக்கு மேல் இல்லாத சொற்கள்.

வீட்டுக்கு வந்ததும் குணவதி, "சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்தாள். "அப்பறமுமா போத்துனாங்க?"

17 ஏப்ரல், திங்கள்

பொன்னாடை நாற்காலியிலேயே கிடக்கிறது. அவள் எடுத்து வைக்கவில்லை. நானும்.

18 ஏப்ரல், செவ்வாய் (சித்திரை 5)

கருவி ஏதும் எடுத்துச் செல்லவில்லை. குணவதி மோர் கடையட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன்.

பன்னிரண்டரைக்குக் களத்தை அடைந்தேன். பச்சை எரிந்துகொண்டிருந்தது. சிமெண்டிலிருந்தும் வெள்ளை வெளேரென்ற ஜவ்வரிசியிலிருந்தும் ஒளி திரும்பி அடித்ததில் கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலிருந்து வருவதைப் போலவே கீழிருந்தும் வெயில் வந்தது. இத்தனை நாளும் நான் கொட்டகையில்தான் இருந்திருக்கிறேன். அளவெடுக்க மட்டும் களத்தில் இறங்கி, உடனே ஏறிவிடுவேன்.

என்னைக் கண்டதும் கந்தப்பன் அலுவலக அறையிலிருந்து ஓடிவந்தான். "சார், சொல்லியிருந்தா காரு அனுப்பியிருப்பேனே. உள்ள வாங்க, ஏசி ஓடுது."

"இங்கேயே பேசுகிறேன் கந்தப்பா."

"வெயிலுங்க சார்."

"பச்சைதானே எரிகிறது?"

அவன் விளக்கை நிமிர்ந்து பார்த்தான். புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் பலகைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான் பேசியது என் பேச்சு போல இல்லை. "இந்த லைட்டுப் பலகை தப்பு. நான் போட்ட கணக்கு தப்பு. நிழல்ல உக்கார வெச்சு, மோர் குடுத்துக் கேட்டுட்டு, அதை வெயில் கணக்குன்னு எழுதிட்டேன். அந்தம்மா விழுந்ததுக்கு அவங்க உடம்பு காரணம் இல்லை. நான்தான் காரணம்."

கந்தப்பன் குரலைத் தாழ்த்தினான். "சார், முந்தாநாள்தான தீர்மானம் போட்டோம். நீங்களே மேடையில..."

"மேடையில் உனக்குப் புரியாதபடி பேசினேன். வேண்டுமென்றேதான் பேசினேன்."

அவன் முகம் சுருங்கியது. மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்து, "சாருக்குத் தலை சுத்துது போல இருக்குது, கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வாய்யா" என்றான். மேஸ்திரி என் முழங்கையைத் தொட்டான். எனக்கு உண்மையிலேயே தலை சுற்றத்தான் செய்தது. போய்விடலாம் என்று ஒரு கால் எடுத்தும் வைத்தேன். அதையும் எழுதுகிறேன்.

அப்போது சுகந்தி கையிலிருந்த பலகையைக் கீழே போட்டாள். அது சிமெண்டில் விழுந்த ஓசைக்கு மேஸ்திரி கையை எடுத்துவிட்டான். முண்டாசை அவிழ்த்தபடி அவள் கொட்டகையை நோக்கி நடந்தாள்.

"யாரு நிறுத்தச் சொன்னா?" என்றான் கந்தப்பன்.

"கணக்குப் போட்டவரே தப்புங்கறாருங்களே மொதலாளி. லைட்டச் சொல்லித்தான நிக்க வெச்சீங்க?"

அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு எல்லாரும். பெரியவர்கள் சிலர் கந்தப்பனின் முகத்தைப் பார்த்துத் தயங்கி, கடைசியில் போனார்கள். கொட்டகை வாசலில் நின்று சுகந்தி, "பாவாயக்கா வரலாமுங்களா?" என்று கேட்டாள். கந்தப்பன் என்னைப் பார்த்தான், காலியான களத்தைப் பார்த்தான். "கட்டுப் பிரிச்சதும் வரச் சொல்லு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனான். மேஸ்திரி விளக்குப் பலகைக்குப் பின்னால் போய் ஏதோ செய்தான். பச்சை அணைந்தது. சிவப்பு எரியவில்லை. எதுவும் எரியவில்லை. மற்ற ஆலைகளில் எரிந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான் போக வேண்டும்.

நானும் கொட்டகையை நோக்கி நடந்தேன்.

"நீங்க அங்கியே நில்லுங்க சார்" என்றாள் சுகந்தி.

நின்றேன்.

"ஏன்டி, பெரிய மனுசரை..." என்று ஒருத்தி அதட்டினாள்.

"பத்தே நிமிசம்க்கா. நம்மளை நெழல்ல வெச்சுக் கேட்டாரு. நாம வெயில்ல வெச்சுக் கேப்போம்."

சிலர் சிரித்தார்கள், சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் என்னை அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். போயிருப்பேன். செருப்பின் அடித்தோல் வழியே சூடு ஏறியது. சட்டை முதுகில் ஒட்டி, பிறகு காய்ந்துவிட்டது. காதுக்குள் ஏதோ இரைந்தது. எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இப்ப எப்படி இருக்குதுங்க சார்?"

ஏழு படிகளும் எனக்கு மனப்பாடம். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"தாங்கலம்மா" என்றேன்.

சுகந்தி இப்போது சிரிக்கவில்லை. நகர்ந்து, தூணுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.

"அதை எழுதிக்குங்க" என்றாள்.